சாம்பல் கொட்டாங்குச்சி

அண்ணி பாவு பிணைக்க உட்கார்ந்தால் அவருடைய வலது முழங்காலை ஒட்டி ஒரு கொட்டாங்குச்சி இருக்கும். தேய்த்துத் தேய்த்துக் கறுத்து வழவழப்பாகிவிட்ட கொட்டாங்குச்சி, விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சின்ன உடைசல். அதில் பாதி அளவுக்குச் சாம்பல் இருக்கும். பழைய வாயில் புடவைத் துணியில் இரண்டு முறை சலித்த சாம்பல். பிள்ளையார்பாளையத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அந்தக் கொட்டாங்குச்சி ஒரு துணிப்பைக்குள் அண்ணியோடு போய் வந்திருக்கிறது. வேறு வீட்டுக் கிண்ணத்தில் சாம்பல் எடுக்க அவருக்குப் பிடிக்காது. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் அதுவும் ஒன்று. அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சீர்வரிசைத் தட்டில் கொட்டாங்குச்சியும் வந்திருக்கிறது என்று நான் கேலி செய்ததை அண்ணி வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து முடிந்ததும் பழைய இழைகளின் நுனிகளை அறுத்தெறிந்துவிட மாட்டார்கள். அச்சு என்கிற சீப்பிலும் விழுது என்கிற நூல் கண்ணிகளிலும் கோத்தது கோத்தபடியே விட்டுவைத்து, புதுப் பாவை எதிரே கொண்டுவந்து கட்டுவார்கள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கி ஒன்றாக்க வேண்டும். முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குத்தான். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்கும் என்பதால் விரலைச் சாம்பலில் தொட்டுக்கொள்வார்கள். அண்ணி பிணைத்த பாவில் ஓர் இழைகூட விட்டுப்போகாது என்று பெயர். அவருக்கு நாள் கிடைக்கவில்லை என்றால் தறியைச் சும்மா போட்டுவைத்துக் காத்திருந்த வீடுகள் உண்டு. அண்ணன் நெய்கிறவர், ஆனால் எங்கள் தெருவில் அவரை 'பிணைக்கிற அக்கா வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அண்ணனுக்கு அதில் வருத்தம் இல்லை. அண்ணிக்கு அதில் கொள்ளைப் பெருமை.

வீட்டுக்கு காஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பலுக்குத் தட்டுப்பாடு வந்தது. நான் அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வழியில் இருந்த இட்லிக் கடையில் சவுக்கு விறகு எரிப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சாம்பலை ஒரு பையில் வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணியின் கைக்கு வந்த இரண்டு கேடுகளில் முதலாவதைச் சுமந்துவந்ததும் நான்தான் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது, முக்கியமாக நான்.

முதலில் விரல் நுனிகள் வறண்டன. பிறகு கோடு கோடாக வெடித்தன. மழைக்காலத்தில் கொஞ்சம் ஆறும், வெயிலில் மறுபடி வெடிக்கும். சூடு என்றார்கள். சிலந்தி கடித்திருக்கும் என்றார்கள். பல்லி தோஷம் என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டு அண்ணி வரதராஜர் கோயிலுக்குப் போய், வெடித்த விரல்களால் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார். மாகறல் கோயிலுக்கும் திங்கட்கிழமைகளில் போய் வந்தார். கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை எல்லாம் கரப்பான் பண்டம், அரிப்பைக் கிளப்பும் என்று தட்டிலிருந்து ஒதுக்கப்பட்டன. கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிற மனுஷி, எங்களுக்கு ஊற்றிவிட்டு ரசத்தைப் பிசைந்து சாப்பிடுவார். கடைசியில் இதில் எதற்கும் சம்பந்தமே இல்லை.

தேங்காயெண்ணெய் தடவியபோது மட்டும் ஓரளவு சுகம் கண்டார். அதிலும் ஒரு விபரீதம் வந்தது. சந்தன நிறத்தில் ஒரு கல்யாணப் புடவைக்குப் பாவு பிணைக்கப் போன வீட்டில், விரலில் மிச்சமிருந்த எண்ணெய்ப் பிசுக்கு இழைகளில் ஏறி, விரற்கடை அகலத்துக்குக் கறை விழுந்துவிட்டது. அந்த வீட்டார் திட்டவில்லை. புடவை அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும், பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அண்ணி வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இனிமேல் விரலில் பிசுக்கு எதையும் வைப்பதில்லை என்று அன்று முடிவுசெய்தார். அந்த முடிவுதான் அவரை என்னிடம் அனுப்பியது.

"தம்பி, ஒங் கடையில இதுக்கு எதனா இருக்குதா பாருபா. எண்ண மாதிரி பிசுபிசுன்னு இருக்கக் கூடாது. பட்டுல பட்டுச்சின்னா போச்சி" என்று பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

எங்கள் தெருவில் எனக்கு அரை டாக்டர் என்று பெயர். முழு டாக்டரைப் பார்க்க அரை நாள் போய்விடும். அரை டாக்டர், கடை வாசலில் சைக்கிளை நிறுத்தக்கூட வேண்டாம், ஒரு காலை ஊன்றிக்கொண்டு கையை நீட்டினாலே மருந்து கொடுத்துவிடுவான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் வருவது பிறவியிலேயே வறண்ட தோலுக்கு வருகிற கரப்பான். அந்தப் பிள்ளைக்கு முட்டையை நிறுத்துவதைவிடக் குளித்து ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவுவதுதான் முக்கியம். கவரிங் சங்கிலி போடுகிற பெண்ணுக்குக் கழுத்தைச் சுற்றியும், ரப்பர் செருப்பு போடுகிறவருக்குப் பாதத்தில் வார் போன தடத்திலேயும் வந்தால் அது ஒவ்வாத பொருள் தொட்டதால் வருவது. அந்தப் பொருளை விலக்காமல் எதைத் தடவியும் புண்ணியமில்லை. புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் செதிலாக உதிர்வது தலைப் பொடுகின் தம்பி. வருடக்கணக்காகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்கிறவர்களுக்கு நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கும். அதற்குத் தோலைவிட ரத்த ஓட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். காசு அளவுக்கு வட்டமாக, நீர் கசிந்து வருவது ஒரு வகை. ஓரம் மட்டும் தடித்து நடுவில் ஆறிக்கொண்டே பரவும் வட்டம், கரப்பானே இல்லை. அது படை. அதன்மேல் கரப்பான் மருந்தைத் தடவினால் உடம்பெல்லாம் ஓடும். அன்றைக்கு இவை எல்லாமே எனக்கு ஒன்றுதான், அலர்ஜி. எல்லாவற்றுக்கும் நான் எடுத்துக் கொடுத்ததும் ஒரே ட்யூப்தான்.

வெள்ளை க்ரீம். மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்தது. அதில் ஒன்று வீரியமான ஸ்டீராய்டு. தடவிய கொஞ்ச நேரத்தில் தோலுக்குள் இறங்கிவிடும், துளிப் பிசுக்கு இருக்காது. அண்ணி அதைப் படுக்கும்போது தடவினார். மூன்றாம் நாள் வெடிப்புகள் மூடிக்கொண்டன. கடைக்கே வந்துவிட்டார். "இன்னா மாயம்பா இது! பட்டு கூட மாட்டல. ஒன்ன அரை டாக்டர்னு சொல்றவன் வாயில போட" என்றார். கடையில் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். என் முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ட்யூப் தீரத் தீரக் கொடுத்தேன். ஆறு வருடமோ ஏழு வருடமோ. நிறுத்தினால் இரண்டே வாரத்தில் முன்னைவிட மோசமாக வெடித்தது. அதனால் நிறுத்தவில்லை. இரவு மட்டும் என்பது காலையும் இரவும் ஆயிற்று. கீழிருந்து மேலாகச் சுருட்டிச் சுருட்டி, கடைசிப் பொட்டு வரை பிதுக்கி எடுத்த ட்யூப்களை அண்ணி ஜன்னலோரத்தில் வரிசையாக வைத்திருப்பார். விரல் தோல் மெலிந்துகொண்டே போனதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பளபளப்பாக இருக்கிறதே, நன்றாக ஆறிவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு ஒரு நாள் தேங்காய் துருவும்போது, துருவல் படாமலே, அழுத்திப் பிடித்ததற்கே விரல் பிளந்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் வந்தது. வெங்காயத் தோல், புடவைக் கொசுவம், பஸ்ஸின் கம்பி.

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. அண்ணியின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகக்கண்ணைப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். சாம்பல் என்றதும் நிமிர்ந்தார். "சாம்பல் காரம்மா. தினமும் காரத்துல தேய்ச்சா தோலுல இருக்கிற எண்ணெய்ப் பசை எல்லாம் போயிடும், வெடிக்கும். ஆரம்பத்துலயே சாம்பல விட்டுட்டு, கெட்டியான களிம்பு தடவியிருந்தா ரெண்டு மாசத்துல சரியாகியிருக்கும்" என்றார். அண்ணி கையிலிருந்த ட்யூபை வாங்கிப் பெயரைப் படித்ததும் அவர் குரல் மாறியது. "இத எத்தனை வருஷமா போடறீங்க? யாரு குடுத்தது?"

நான் அண்ணிக்குப் பக்கத்தில் மருத்துவமனைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் சட்டைப் பையில் கடைப் பெயர் போட்ட பேனா இருந்தது.

"ஏதோ கடையில கேட்டு வாங்கினதும்மா. எந்தக் கடைன்னு நெனப்பு இல்ல" என்றார் அண்ணி.

டாக்டரம்மா நீளமாகச் சொன்னார். இந்த ட்யூபைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது எரியும், தாங்கிக்கொள்ள வேண்டும். சோப்புத் தூள், சாம்பல் இரண்டும் கைக்கே ஆகாது. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது பெட்ரோலியம் ஜெல்லி தடவி, மேலே பருத்திக் கையுறை போட வேண்டும். விரல் காயவே கூடாது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அண்ணி, "பிசுக்குக் கையால பட்ட தொட முடியாதும்மா" என்றார். "அப்ப பட்ட தொடாதீங்க" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன், "ஏன் அண்ணி எம் பேரச் சொல்லல?" அண்ணி விரல்களை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். "சொன்னா ஒங் கடைக்கு ஆள் வந்து நிப்பாங்க. கைதான் போச்சி, கடையும் போவணுமாபா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அண்ணி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகப் படித்துத் தேர்வு எழுதி, பதிவு செய்த மருந்தாளர் ஆனேன். சில வருடம் கழித்துச் சின்னதாகச் சொந்தக் கடை வைத்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாதிரி ட்யூப் கொடுப்பதில்லை என்று எழுதி ஒட்டினேன். நான் கொடுக்காவிட்டால் எதிர்க் கடையில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் எழுத்தைப் படித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போகிறவர்களை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

அண்ணி ஒரு வருடம் சொன்னபடியெல்லாம் செய்தார். எரிச்சலில் இரண்டு கைகளையும் ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாதி ஆறியது. உடனே வேலைக்குப் போனார். சாம்பல் வேண்டாமென்று முகப் பவுடரில் தொட்டுப் பிணைத்தார். தறியில் ஏற்றி அச்சைத் தாண்டும்போது கொத்துக் கொத்தாக இழைகள் விட்டுப்போயின. அரிசி மாவில் முயன்றார், அதுவும் பிடிக்கவில்லை. கையுறை போட்டால் இழையே விரலுக்குத் தெரியவில்லை. ஆறிய விரல் நுனியோ சொரசொரவென்று இருந்தது, பட்டு அதில் மாட்டிப் பிசிர் எழும்பியது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை வேறொருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொட்டாங்குச்சிப் பை ஆணியில் தொங்கியது. ரேஷன் கடை மெஷினும் அவர் விரலை ஏற்கவில்லை. "தொடச்சிட்டு வைம்மா" என்று கடைக்காரர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னார். ரேகை இருந்தால்தானே பதியும். கடைசியில் அண்ணன் போய் விரல் வைத்து அரிசி வாங்கி வந்தார்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தென்னேரிப் பக்கம். முகூர்த்தப் புடவையை அண்ணன் தன் தறியில் நெய்து தருவதாகச் சொல்லியிருந்தார். பாவு பிணைக்க அண்ணன் ஆள் சொல்லப் போனபோது அண்ணி என் கடைக்கு வந்தார். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

"நம்ம பொண்ணு பொடவைக்கு யாரோ வந்து பிணைச்சிட்டுப் போறதாபா? நா உசுரோட இருக்கும்போது?"

"அண்ணி, ஒங்க கை..."

"அந்தப் பழைய ட்யூப் ஒன்னு குடு. பத்து நாளைக்கு மட்டும். அப்பறம் கேக்க மாட்டேன்."

முதல் முறை கொடுத்தபோது எனக்குத் தெரியாது. இந்த முறை எல்லாம் தெரியும். அந்தத் தோலுக்கு என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும் என்று எழுதிக் கொடுக்கவே தெரியும். முடியாது என்றும் சொல்லிப் பார்த்தேன். அண்ணி போகவில்லை. கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தார். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்கியது அந்த ட்யூப் ஒன்றுதான். கூடவே, அண்ணி கையால் பிணைத்த புடவையை என் மகள் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சாம்பலும் அன்று மாலையே இட்லிக் கடையிலிருந்து வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணி இரண்டு நாள் உட்கார்ந்து பிணைத்தார். ஓர் இழைகூட விட்டுப்போகவில்லை. அவர் முகத்தை அந்த இரண்டு நாளும் பார்த்தவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். பத்து நாளில் ட்யூபை நிறுத்தினார், சொன்ன சொல் தவறவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கைகள் மணிக்கட்டு வரை சிவந்து, வீங்கி, எல்லா விரலும் வெடித்து நீர் கசிந்தது.

கல்யாணத்தன்று நலங்கு வைக்கும்போது பெரியம்மா முறைக்கு அண்ணியைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். கையில் சுற்றியிருந்த கட்டுகளை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார். மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் சாய்ந்து, "அவங்க கையில இன்னாங்க அது? ஒட்டிக்கினு வந்துடாதே?" என்று கேட்டார். கெட்ட மனுஷி இல்லை, பயந்துபோய்க் கேட்டார். ஒட்டாதும்மா, கரப்பான் யாருக்கும் ஒட்டாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு எத்தனை பேருக்குக் கடையில் அதைச் சொல்கிறேன். அன்று வாய் வரவில்லை. அப்படியானால் எதனால் வந்தது என்று அடுத்து கேட்பார்கள், பெண் கொடுக்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தில் நான் சொன்னது வேறு.

"அண்ணி, சமையல்கட்டுப் பக்கம் யாரும் இல்ல. கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டபோது என்னைப் பார்க்காமல் பதில் சொன்னவர், இப்போது நேராகப் பார்த்தார். "செரிபா" என்று கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். சமையல்கட்டில் நான்கு பேர் இருந்தது அவருக்கும் தெரியும். மணையில் அவர் பிணைத்த புடவையைக் கட்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பற்றி அண்ணி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தேவலை. கை இந்த முறை திரும்பவில்லை. சோறு பிசைய ஸ்பூன், தலை வாரிவிடப் பக்கத்து வீட்டுப் பெண். நான் வாரம் ஒருமுறை பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவோடு போகிறேன். டப்பா மூடியைத் திருகித் திறக்க அவரால் முடியாது என்று போன வாரம்தான் எனக்கு உறைத்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பாவு ஏற்றாமல் கிடந்த தறிப் பக்கம் கண்ணைக் காட்டினார். சாம்பலைக் கொட்டிக் கழுவி, கொட்டாங்குச்சி நிறைய அண்ணன் களிம்பை வழித்து வைத்திருந்தார். அண்ணி ஐந்து விரல்களையும் அதில் அழுத்தி எடுத்துத் தடவிக்கொண்டார். விரலிலிருந்து பிசுக்கு வழிந்து புடவை மேலும் பாய் மேலும் பட்டது. அவர் துடைக்கவில்லை. பட்டு எதுவும் பக்கத்தில் இல்லை.